திருப்பெயருக்குத் தலைவணங்கும் மரபு

கிறித்தவ வழிபாட்டில் இயேசு என்னும் பெயர் ஒலிக்கும்போது தலையைத் தாழ்த்தும் வழக்கம் இன்று பலர் கண்ணுக்கும் புலப்படாத சிறு அசைவாகச் சுருங்கிவிட்டது. எனினும் அந்த அசைவுக்குப் பின்னால் ஒரு பொதுச்சங்கத்தின் விதியும், இத்தாலிய நகரங்களின் உட்பகையும், உரோமையில் நடந்த ஒரு விசாரணையும், இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் தடையும் அடங்கிய ஏறத்தாழ 750 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த நெடுங்காலத்தில் இறைவனின் பெயரை இரண்டு கேடுகள் தொடர்ந்து சூழ்ந்து நின்றன: சூதாட்டத்திலும் சினத்திலும் அதை ஆணையாகவும் வசையாகவும் இறைப்பது ஒன்று, ஓதினாலே பலன் தரும் மந்திரமாக அதைக் கையாள்வது மற்றொன்று. இரண்டிலும் பெயர் தனக்கு உரியவரிடமிருந்து அறுந்து போகிறது. அந்தப் பிணைப்பை அறுபடாமல் காப்பதையே கிறித்தவ மரபு பெயர்வணக்கம் என்று கருதியது என்பதும், தண்டனையைவிடப் பலர் கூடிப் பழகிய உடல்வணக்கமே அதை நிலைநிறுத்தியது என்பதும் இவ்வரலாற்றால் விளங்குகின்றன.

சொல்லாத பெயரும் சொல்லிய பெயரும்

கிறித்தவம் பிறந்த யூதச் சூழலில் இறைவனின் பெயரைக் குறித்த நான்கு மெய்யெழுத்துகள் மறைநூலில் எழுதப்பட்டன. ஆனால் வாசிக்கும்போது அவை ஒலிக்கப்படவில்லை. அவ்விடத்தில் 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்னும் சொல்லே வாசிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பாவப் பரிகார நாளில் எருசலேம் கோவிலில் தலைமைக் குரு அப்பெயரை ஒலித்தார் என்றும், அதைக் கேட்ட மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினர் என்றும் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. கி.பி. 70இல் கோவில் அழிந்ததும் அந்த ஒரு வாய்ப்பும் நின்றுபோனது. கிரேக்க மொழிபெயர்ப்பில் 'கீரியோஸ்' என்ற சொல் அவ்விடத்தைப் பெற்றது. தமிழ்த் திருமறையின் பழைய ஏற்பாட்டில் சீர்திருத்தச் சபையார் 'கர்த்தர்' என்றும் கத்தோலிக்கர் 'ஆண்டவர்' என்றும் வாசித்துவருவது, அந்த யூத அடக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து தமிழ்நாட்டு ஆலயங்கள்வரை வந்து சேர்ந்திருப்பதற்குச் சான்றாகும்.

இந்த மரபில் வளர்ந்த முதல் கிறித்தவர்கள் இயேசுவின் பெயரை மறைத்து வைக்கவில்லை. அப்பெயரால் திருமுழுக்குக் கொடுத்தார்கள், நோயாளருக்காக மன்றாடினார்கள், அப்பெயரைச் சொன்னதற்காகவே அடியும் பட்டார்கள். சொல்லாமை காத்த மதிப்பை இனிச் சொல்லும் முறையே காக்க வேண்டியிருந்தது. இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடுகளைப் பார்த்தால் படியெடுத்தோர் இயேசு, கிறிஸ்து, கடவுள், ஆண்டவர் ஆகிய சொற்களை முழுமையாக எழுதாமல் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருக்கி, அவற்றின் மேல் ஒரு கோடு இழுத்திருப்பதைக் காணலாம். இவ்வாறு சுருக்கப்பட்ட சொற்களை அறிஞர்கள் 'தூய பெயர்கள்' என்று வகைப்படுத்துகிறார்கள். இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கம் இதில் தெரியவில்லை. எழுதும் கையை ஒரு கணம் நிறுத்தி, கண்ணுக்கு அப்பெயரைத் தனித்துக் காட்டும் வணக்கமாகவே இது அமைந்தது. கிரேக்கத்தில் இயேசுவின் பெயரிலுள்ள முதல் மூன்று எழுத்துகளான ஐயோட்டா, ஏட்டா, சிக்மா ஆகியவற்றிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் பீடங்களிலும் கோவில் முகப்புகளிலும் பொறிக்கப்பட்ட ஐ.எச்.எஸ். என்னும் சின்னம்.

மற்றொரு கேட்டையும் தொடக்ககாலத் திருச்சபை அறிந்தேயிருந்தது. எபேசு நகரில் ஸ்கேவா என்பவரின் ஏழு மக்கள், தாங்கள் நம்பாத இயேசுவின் பெயரைப் பேயோட்டும் மந்திரமாக ஓதிப் பார்த்ததையும், பேய் பிடித்தவனிடம் அடிபட்டுக் காயத்தோடும் ஆடையின்றியும் ஓடியதையும் திருத்தூதர் பணிகள் நூலின் பத்தொன்பதாம் அதிகாரம் விவரிக்கிறது. பெயரை அறிந்திருப்பதும் அதற்கு உரியவரை அறிந்திருப்பதும் ஒன்றல்ல என்னும் எச்சரிக்கை அந்நிகழ்ச்சியில் வெளிப்படையாகவே இருக்கிறது.

1274: லியோன் சங்கம் வகுத்த விதி

இடைக்கால ஐரோப்பாவில் சந்தையிலும் மதுக்கடையிலும் கடவுளின் உடலுறுப்புகள்மீதும் குருதிமீதும் ஆணையிடுவது அன்றாடப் பேச்சாகியிருந்தது. அரசுகள் இதைத் தண்டனையால் அடக்க முனைந்தன. பக்தியால் பெயர்பெற்ற பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, பாரிஸ் நகரத்தார் ஒருவரைத் தெய்வநிந்தனைக்காக முகத்தில் சூடுபோடச் செய்தார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதிய ஷுவான்வில் பதிவுசெய்திருக்கிறார். இத்தகைய கடுமையைக் குறைக்கும்படி 1268இல் மன்னருக்கு எழுதியவர் திருத்தந்தை நான்காம் கிளமெந்து. வாய் சூடுபட்டால் வசை அடங்கலாம். வணக்கம் அதனால் பிறந்துவிடாது.

வேறொரு வழி துறவு மடங்களில் உருவாகிவந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்து, இனிமைமிகு பாடலுக்கு எழுதிய உரையில், இயேசுவின் பெயர் விளக்குக்கும் உணவுக்கும் மருந்துக்கும் பயன்படும் எண்ணெயைப் போன்றது என்று விரித்துரைத்தார். அஞ்சி விலக வேண்டியதாக இருந்த பெயர், அன்போடு நாவில் ஏற்க வேண்டியதாக அவருடைய எழுத்தில் மாறியது. இந்த அன்பைப் பொதுமக்களின் பழக்கமாக்கும் முயற்சி, திருத்தந்தை பத்தாம் கிரகோரி 1274இல் கூட்டிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கத்தில் விதியின் வடிவம் பெற்றது.

அவ்விதி எந்த இடத்தில் வருகிறது என்பது கவனத்திற்குரியது. கோவில்களில் நடக்கும் முறைகேடுகளைத் திருத்த எழுதப்பட்ட ஒரு தீர்மானத்தின் பகுதி அது. ஊர்க்கூட்டங்களும் வணிகப் பேரங்களும் நீதிமன்ற வழக்குகளும் கோவிலுக்குள்ளேயே நடந்துவந்த காலம் அது. வீண்பேச்சும் இரைச்சலும் அவற்றோடு சேர்ந்திருந்தன. அவை அனைத்தையும் விலக்கச் சொல்லும் அத்தீர்மானமே, இயேசுவின் பெயர் நினைவுகூரப்படும்போதெல்லாம், சிறப்பாகத் திருப்பலி வேளையில், ஒவ்வொருவரும் இதயத்தின் முழங்காலை மடக்க வேண்டும் என்றும், தலைதாழ்த்தியாவது அதை வெளிக்காட்ட வேண்டும் என்றும் பணித்தது. இயேசுவின் பெயருக்கு எல்லா முழங்காலும் மடங்கும் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரமே இதற்கு அடிப்படை. உள்ளம் முதலில், உடல் அதன் சான்றாக என்னும் வரிசையை அச்சங்கம் தெளிவாக வைத்தது; மீறியவருக்குச் சூட்டுக்கோலைக் காட்டவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் கிரகோரி, சாமிநாதர் சபை என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் தொமினிக்கன் சபையின் தலைவரான வெர்செல்லி நகர ஜானுக்குக் கடிதம் எழுதி, இவ்வணக்கத்தை மக்களிடையே போதிக்கும் பொறுப்பை அச்சபையாரிடம் ஒப்படைத்தார். அச்சபையின் கோவில்களில் திருப்பெயருக்கெனத் தனிப் பீடங்கள் எழுந்தன; பொதுநிலையினர் சேர்ந்து, ஆணையிடுவதில்லை என்றும் நிந்தனைச் சொல் பேசுவதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொள்ளும் திருப்பெயர்ச் சங்கங்கள் நாளடைவில் அவற்றைச் சுற்றி வளர்ந்தன. அச்சபையைச் சேர்ந்த ஜெர்மானிய மறைஞானி ஹைன்ரிஷ் சூசோ பதினான்காம் நூற்றாண்டில் அப்பெயரின் எழுத்துகளைத் தம் நெஞ்சின்மீதே கீறிக்கொண்டது, இப்பக்தி தனிமனிதரிடம் எவ்வளவு தீவிரமாகப் பற்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

சியெனாவின் சதுக்கத்தில்

தனிமனிதரின் தீவிரமாக இருந்ததை நகரத்தின் பொதுச்சின்னமாக்கியவர் சியெனாவின் பெர்னார்தின். 1380இல் மாஸா மாரித்திமாவில் பிறந்த இவர், 1400இல் சியெனாவைக் கொள்ளைநோய் தாக்கியபோது சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிசெய்து, 1402இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1417 முதல் இத்தாலியின் ஊர்தோறும் நடந்துசென்று, கோவில்கள் கொள்ளாத கூட்டத்திற்குத் திறந்த சதுக்கங்களில் போதித்தார். நகரங்கள் குவெல்ஃப், கிபெல்லின் என்னும் கட்சிகளாகப் பிளந்துகிடந்தன. கட்சிக் கொடிச்சின்னங்கள் வீட்டு வாயில்களில் மட்டுமின்றிக் கோவில் சுவர்களிலும் தீட்டப்பட்டிருந்தன. ஒரு சின்னத்தைக் கண்டாலே கத்தி உருவப்படும் நிலையில், அவற்றை அழித்துவிட்டு இயேசுவின் பெயரை அவ்விடத்தில் எழுதுங்கள் என்று அவர் மக்களைக் கேட்டார்.

போதனையின் முடிவில் அவர் ஒரு மரப்பலகையை உயர்த்திக் காட்டுவார்; நீலப் பரப்பில் பொன்னிறமாக ஐ.எச்.எஸ். எழுத்துகளும், அவற்றைச் சுற்றிக் கதிர் விரிக்கும் ஞாயிறும் அதில் தீட்டப்பட்டிருந்தன. கூட்டம் மண்டியிட்டு வணங்கும். பகைவர் அங்கேயே சமாதானம் செய்துகொள்வதும் உண்டு. சியெனாவின் ஓவியர் சானோ தி பியெத்ரோ வரைந்த ஒரு படத்தில், நகரின் பெருஞ்சதுக்கமான காம்போவில் ஆண்களும் பெண்களும் நடுவே கட்டிய துணித்திரையின் இருபுறமும் அமர்ந்திருக்க, மேடைமீது நின்று பெர்னார்தின் பேசுவதை இன்றும் காணலாம். அச்சதுக்கத்தை நோக்கி நிற்கும் நகராட்சி மாளிகையின் முகப்பில் அதே ஞாயிற்றுச் சின்னம் பெரிய வட்டமாகப் பொருத்தப்பட்டுள்ளது.

1427ஆம் ஆண்டுக் கோடையில் அவர் காம்போவில் ஆற்றிய 45 மறையுரைகள் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரு தொழிலாளியின் உழைப்பால்தான். கம்பளித் துணியின் மயிரைக் கத்தரித்துச் சீர்செய்யும் பெனெடெட்டோ என்பவர், நாள்தோறும் மேடையருகே அமர்ந்து மெழுகுப் பலகைகளில் எழுத்தாணியால் விரைந்து குறித்துக்கொண்டு, பிறகு வேலைக்குப் போகுமுன் அவற்றைத் தாளில் விரித்தெழுதினார். பேச்சாளர் இடையில் கூட்டத்தை அதட்டியதையும், தூங்கியவர்களை எழுப்பியதையும்கூட அவர் விட்டுவிடவில்லை. நாவின் குற்றங்களான அவதூறும் பொய்யாணையும் கட்சிப் பேச்சும் அவ்வுரைகளில் இடைவிடாமல் கண்டிக்கப்படுகின்றன. திருப்பெயரை மதிப்பது என்பது அயலானின் பெயரைக் கெடுக்காதிருப்பதோடு சேர்ந்தது என்னும் புரிதல் அவற்றின் அடியில் ஓடுகிறது. எனினும் சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர்மீதும் யூதர்மீதும் அவர் காட்டிய கடுமை, அன்பின் பெயரை உயர்த்திப் பிடித்த அதே மேடையிலிருந்துதான் வந்தது. அப்பெயரின் அளவுகோலால் அவரையும் அளந்து பார்ப்பது வரலாற்றின் கடமை.

பலகைமீது விசாரணை

பெர்னார்தினின் புகழ் உயர உயர எதிர்ப்பும் எழுந்தது. தொமினிக்கன், அகுஸ்தினார் சபைகளைச் சேர்ந்த கற்றோர் சிலர், மக்கள் பலகையையும் எழுத்துகளையும் வணங்குகிறார்கள், இது புதுவகைச் சிலைவழிபாடு என்று குற்றஞ்சாட்டினர். அகுஸ்தினார் சபையின் அந்திரேயா பிலியா இதைக் குறித்துத் தனி நூலே எழுதினார். இக்குற்றச்சாட்டைப் பொறாமை என்று தள்ளிவிடக்கூடாது. எழுத்துகள் தாயத்தாக மாறும் ஆபத்து உண்மையானது. எபேசு நகரில் நடந்த தவறு வண்ணமும் பொன்னும் பூசிக்கொண்டு திரும்பி வரலாம் என்னும் அச்சமே அவர்களைப் பேசவைத்தது.

1420களில் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் பெர்னார்தினை உரோமைக்கு அழைத்து விசாரித்தார். அவருக்காக வாதாட வந்தவர்களுள் முதன்மையானவர், சட்டம் பயின்று பின்னர் துறவியான கப்பிஸ்திரானோ நகர ஜான். வணக்கம் பலகையின் நிறத்திற்கோ எழுத்தின் வடிவத்திற்கோ அன்று, அப்பெயரால் குறிக்கப்படும் மீட்பருக்கே உரியது என்பது அவர்கள் தரப்பு வாதத்தின் சாரம். தீர்ப்பு பெர்னார்தினுக்குச் சாதகமாக முடிந்ததோடு, அவர் உரோமையிலேயே பல நாள் போதிக்கவும் செய்தார். நடு எழுத்தின்மேல் சிலுவையை நிறுத்தும் வழக்கத்தை மரபு இவ்விசாரணையோடு இணைத்துச் சொல்கிறது. சிலுவை சேர்ந்ததும், பெயர் ஒரு மனிதரின் வாழ்வையும் சாவையும் சுட்டுவதாகிறது. தனித்து இயங்கும் மந்திர எழுத்தாக அதை எண்ணுவதற்கு இடம் குறைகிறது. எதிர்த்தவர்களின் அச்சமும் வணங்கியவர்களின் அன்பும் ஒரே சின்னத்தில் நிறைவேறியது இவ்வழக்கின் நற்பயன். பெர்னார்தின் 1444இல் லாக்குவிலா நகரில் இறந்தார். ஆறே ஆண்டுகளில், 1450இல், புனிதராக உயர்த்தப்பட்டார்.

முத்துக்குளித்துறை வரை

1530இல் ஏழாம் கிளமெந்து பிரான்சிஸ்கன் சபையாருக்குத் திருப்பெயர் விழா கொண்டாட அனுமதி தந்தார். 1721இல் பதின்மூன்றாம் இன்னொசென்ட் அதைத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். 1540இல் ஏற்பளிக்கப்பட்ட இயேசு சபை, பெயரிலேயே அவ்வணக்கத்தைத் தாங்கி, ஐ.எச்.எஸ். எழுத்துகளைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. 1584இல் நேர்ந்தளிக்கப்பட்ட அச்சபையின் தாய்க்கோவில் உரோமையிலுள்ள ஜேசு கோவில். அதன் விதானத்தில் 1670களின் இறுதியில் பச்சிச்சியா என்னும் ஓவியர் தீட்டிய பெரும் ஓவியத்தில் திருப்பெயரின் எழுத்துகளே ஒளியின் ஊற்றாக அமைய, வானவர் திரள் அவ்வொளியை நோக்கி எழுவதும், விலகியோர் ஓவியச் சட்டகத்தைத் தாண்டிக் கீழே சரிவதும் காண்போரைத் திகைக்கவைக்கின்றன. 1605இல் நேர்ந்தளிக்கப்பட்ட கோவாவின் போம் ஜேசு பேராலய முகப்பின் உச்சியிலும் அதே எழுத்துகள் கருங்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன.

அப்பேராலயத்தில் உடல் வைக்கப்பட்டிருக்கும் பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் பணியாற்றினார். மொழியறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருவில் நடந்து, திரண்ட சிறுவர்க்கும் பெரியோர்க்கும் அவற்றைச் சொல்லிக்கொடுத்ததை 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டளை ஒவ்வொன்றுக்கும் பின், அதை நம்பவும் கைக்கொள்ளவும் வரம் தரும்படி இயேசு கிறிஸ்துவை அவர் பெயர் சொல்லி மக்கள் ஒருமித்து வேண்டினர். ஆணையாகவோ தாயத்தாகவோ அன்றி, ஒருவரை நோக்கிய வேண்டுதலாகவே திருப்பெயர் தமிழ்க் கடற்கரையில் கற்பிக்கப்பட்டது. அவருக்குப் பின் அங்கே உழைத்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகள் 1578இல் கொல்லத்தில் அச்சேற்றிய பதினாறு பக்கச் சிறு நூல், 'தம்பிரான் வணக்கம்' என்னும் தலைப்பிலேயே இறைவனை எப்படி அழைத்து வணங்க வேண்டும் என்னும் அக்கறையைத் தாங்கிவந்தது.

சீர்திருத்தச் சபைகளும் இங்கிலாந்தின் பிணக்கும்

சீர்திருத்த இயக்கம் விழாக்களையும் சின்னங்களையும் பெரும்பாலும் விலக்கினாலும் பெயரை மதிக்கும் கட்டளையை இன்னும் அழுத்தமாகப் பற்றிக்கொண்டது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இரண்டாவதாகவும், மற்றச் சீர்திருத்தச் சபைகள் மூன்றாவதாகவும் எண்ணும் அக்கட்டளைக்கு மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் தந்த விளக்கம் இருபக்கமும் கொண்டது: சபித்தல், ஆணையிடல், சூனியம், பொய், வஞ்சகம் ஆகியவற்றுக்கு அப்பெயரைப் பயன்படுத்தலாகாது, துன்பத்தில் அழைக்கவும், வேண்டவும், புகழவும், நன்றி கூறவும் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்நூலைத் தமிழாக்கியதால் இவ்விளக்கம் தமிழ் லுத்தரன் பிள்ளைகளின் பாடமாயிற்று. 1563இல் வெளிவந்த ஐடல்பெர்க் ஞானோபதேசமோ, பிறர் நிந்திக்கும்போது தடுக்காமல் வாளாவிருப்பதும் அக்குற்றத்தில் பங்குதான் என்று கற்பித்தது.

இங்கிலாந்தில் உடல்வணக்கமே பூசலாக வெடித்தது. 1559இல் முதலாம் எலிசபெத் விடுத்த ஆணைகளும், 1604ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இயேசுவின் பெயர் கேட்கும்போது பணிந்து வணங்குவதைக் கடமையாக்கின. 1559 ஆணையின்படி ஆண்கள் தலையணியையும் கழற்ற வேண்டும். பவுல் சொன்னது உள்ளத்தின் அடிபணிதலையே என்று கொண்ட தூய்மைவாதிகள், ஓர் ஒலிக்குத் தலைகுனிவது மூடப்பழக்கம் என்றார்கள். வழக்கறிஞர் வில்லியம் பிரின் இதை எதிர்த்துத் துண்டுநூல்கள் எழுதினார். 1641 செப்டம்பரில் மக்களவை அவ்வணக்கத்தைக் கைவிடும்படி ஆணையிட்டது. மறுபுறம், 1606இல் நிறைவேறிய சட்டமொன்று நாடக மேடையில் கடவுளின் பெயரை வேடிக்கையாகவோ இழிவாகவோ சொல்வோர்க்குப் பத்துப் பவுண்டு அபராதம் விதித்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் பல ஆணைச்சொற்கள் நீக்கப்பட்டதற்கும் 'கடவுள்' என்ற இடத்தில் 'வானகம்' என்று மாற்றப்பட்டதற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. பிணங்கி நின்ற இரு தரப்பாரும் பெயர் புனிதமானது என்பதில் ஒன்றுபட்டிருந்தார்கள். தண்டனையால் அதைக் காக்க முனைந்தபோது மேடையில் சொல் மாறியதே அல்லாமல் பேசியவர் நெஞ்சு மாறியதாகச் சொல்வதற்கில்லை.

அண்மைக் காலமும் நிலைத்த பொருளும்

கீழைத் திருச்சபைகளில் இயேசுவின் பெயரை மூச்சோடு இணைத்து இடைவிடாது செபிக்கும் முறை அத்தோஸ் மலைத் துறவியரிடம் வேரூன்றியது. இறைவனின் பெயரே இறைவன் என்று அங்கிருந்த உருசியத் துறவியர் பலர் வாதிட்டபோது, உருசியத் திருச்சபை அதை மறுத்தது. 1913இல் உருசியப் படையினர் 800க்கும் மேற்பட்ட துறவியரை மலையிலிருந்து கப்பலில் ஏற்றி அகற்றினர். உரோமையில் பொறுமையான விசாரணையால் தீர்ந்ததைப் போன்ற ஒரு கேள்வி, இங்கே படைபலத்தால் வாயடைக்கப்பட்டுப் புண்ணாகவே நின்றுவிட்டது.

கத்தோலிக்க நாட்காட்டியில் 1969இல் நீக்கப்பட்ட திருப்பெயர் விழா 2002இல் சனவரி 3ஆம் நாளுக்கு மீண்டது. திருப்பலியில் மூவொரு இறைவனின் பெயர்கள் சேர்ந்து ஒலிக்கும்போதும், இயேசு, மரியா, அன்றைய புனிதர் ஆகியோரின் பெயர்கள் ஒலிக்கும்போதும் தலைவணங்க வேண்டும் என்னும் விதி இன்றும் வழிபாட்டு நூலில் உள்ளது. 2008இல் உரோமையின் திருவழிபாட்டுப் பேராயம், நான்கெழுத்துப் பெயரை வழிபாட்டிலும் பாடலிலும் ஒலிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதன்மூலம் சொல்லாமையின் பழைய மதிப்பும் புதுப்பிக்கப்பட்டது.

சூட்டுக்கோலும் அபராதமும் சாதிக்காததை, அன்பை விளக்கிய போதனையும் எல்லோரும் சேர்ந்து செய்த எளிய வணக்கமும் சாதித்தன. தலை தாழ்வது தானாகவே பக்தியாகிவிடாது என்று தூய்மைவாதிகள் சொன்னது சரியே. உடல் பழகாத பக்தி தலைமுறை கடந்து நிற்பது அரிது என்று லியோன் சங்கம் கண்டதும் சரியே. கட்சிச்சின்னம் இருந்த சுவரில் திருப்பெயரை எழுதச் சொன்ன பெர்னார்தின், பகையை வைத்துக்கொண்டு அப்பெயரைச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். சாதியாலும் சபைப் பிரிவாலும் கோவில் வளாகத்திற்குள்ளேயே மக்கள் பிரிந்து நிற்கும் எந்த ஊரிலும், இயேசுவின் பெயருக்குத் தலைவணங்குவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் இதுவே.